மெஹராஜ் பேகம் அண்ட் ஃபேமிலி

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மூன்று சந்து தள்ளி இருப்பவருக்கும் தெரியும். மெஹராஜ் வீட்டிலிருந்து மட்டும் குழம்பு வாசனை குறைவாகவும் பிளாஸ்டிக் இளகுகிற வாசனை அதிகமாகவும் வரும். கூடவே புர்ரென்று ஒரு சத்தம்.

"முப்பத்தேழு வயசுல எந்த மாப்பிள்ளைக்குக் காட்ட இவ பொழுதன்னைக்கும் தலை காயப்போடுதா?" என்று எதிர்வீட்டு பீவி மாமி முதல் மாதமே கேட்டாள். கேட்ட கையோடு இரும்பு ஏணியில் ஏறிப் போய் நேரிலேயே பார்த்துவிட்டும் வந்தாள். அது தலை காயவைக்கிற மெஷின் இல்லை, கார்டில் எழுத்தைப் புடைக்க வைக்கிற ஹீட் கன் என்ற விவரம் அன்று அஸர் தொழுகைக்கு முன்பே சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் கொஞ்சம் பெருத்தும் போனது. மெஹராஜ் தங்கத்தை உருக்குகிறாள் என்று கடைசி வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

தங்கமெல்லாம் இல்லை. தங்க நிறத்துத் தூள். மெஹராஜ் செய்வது பூப்போட்ட வாழ்த்து அட்டைகள். கெட்டியான பேப்பரைப் பலகையில் டேப் போட்டு ஒட்டி, தண்ணீரில் நனைத்து, வாட்டர்கலரில் பூ வரைவாள். காய்ந்ததும் அதன் மேல் முகப்பவுடரை லேசாகத் தட்டித் துடைப்பாள். இல்லாவிட்டால் தங்கத்தூள் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு பூவுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். "மூஞ்சிக்குப் போடுததைவிட கார்டுக்குத்தான் ஜாஸ்தி பவுடர் போடுதா" என்பது பீவி மாமியின் கணக்கு. பிறகு நிறமே இல்லாத ஒரு பிசுபிசு மையில் எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் குத்துவாள். குத்திய இடத்தில் ஒன்றும் தெரியாது. தூளைக் கொட்டி உதறினால் எழுத்து எழுந்துவரும். சூடு காட்டினால் தூள் இளகிப் பாகாகி, உப்பி, மினுங்கும்.

கீழ்த்தளத்தில் பை தைக்கிற பட்டறை. நாலு மிஷின் ஒன்றாக ஓடினால் மெஹராஜின் தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். மிஷின் நிற்கிற இடைவெளி பார்த்துத்தான் அவள் இதழின் நுனியை இழுப்பாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவள் கை செய்து அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் கல்யாணநாள் வாழ்த்தும் எத்தனை ஆயிரம் வீட்டுக்குப் போயிருக்கும். அவள் வீட்டு ஏணியில் அப்படி ஒன்று ஏறி வந்ததை பீவி மாமி பார்த்ததில்லை. பீவி மாமி பார்க்காத ஒன்று அந்தச் சந்தில் நடந்திருக்கவும் முடியாது.

ஆர்டர் எல்லாம் செம்பூரிலிருந்து வரும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கிற ஃபர்ஸானா, தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுக்கு மெஹராஜ் எப்போதும் வெறும் 'ஆன்ட்டி'தான், பெயரும் வீடும் கேட்டுக்கொண்டதில்லை. ஜூலை மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை அவள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, படா ஆர்டர். எய்ட்டி பீஸ். நிக்காஹ் கார்டு. ஆனா நம்ம கிரீட்டிங் கார்டு மாடல்தான் வேணுமாம். முன்னாடி லாவண்டர் பூ, கீழ கோல்டுல கெஸ்ட் பேரு. ஒவ்வொண்ணுலயும் தனித்தனிப் பேரு. உள் பேப்பர் நான் பிரிண்ட் போட்டுக்கறேன். லிஸ்ட்டு வாட்ஸ்அப்ல வரும்."

லிஸ்ட்டுக்கு முன்னால் உள் பேப்பரின் படம் வந்தது, அளவு பார்த்துக்கொள்ள. மெஹராஜ் இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மணப்பெண் சஃப்ரீன். தகப்பனார் ஜெயினுலாப்தீன். உல்லாஸ்நகர்.

மெஹராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பகலில் கதவைச் சாத்தினால் அந்தச் சந்தில் அது தனிச் செய்தி. ஐந்தாவது நிமிஷம் பீவி மாமி ஏணியில்.

"ஏட்டி, காய்ச்சலா?"

"இல்ல மாமி. சாரல் அடிக்கி."

"சாரல் அந்தப் பக்கம்லா அடிக்கி" என்றவள் அதற்குள் போனை எட்டிப் பார்த்தாயிற்று. "யாரு கல்யாணம்?"

மறைத்துப் பயனில்லை. ஜெயினுலாப்தீன் மெஹராஜின் தங்கை ஷமீமாவின் கணவர். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். பட்டறை புதிதாகத் தொடங்கிய காலத்தில் அங்கே படுக்கவும் இடமில்லாமல், மகள் சஃப்ரீனை இந்த மாடி அறையில்தான் விட்டிருந்தார்கள். ஒன்பது வயது வரை மெஹராஜோடுதான் அந்தப் பிள்ளை தூங்கியது, இங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனது. மெஹராஜுக்கு நிக்காஹ் ஆகி, ஒன்றரை வருஷத்தில் அது முறிந்து, பிள்ளையில்லாமல் திரும்பி வந்த சமயம் அது. யார் யாரை வளர்த்தார்கள் என்று சந்தில் அப்போதே இரண்டு கட்சி.

நாலு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சில்லை. ஏன் என்பதற்கு சந்தில் ஏழெட்டுக் காரணம் சொல்வார்கள். நிஜக் காரணம் சின்னது. ஷமீமாவின் மாமியார் டிசம்பர் கடைசியில் மவுத்தானார்கள். மெஹராஜ் கையில் இருநூறு புதுவருஷ வாழ்த்து பாக்கி. முடித்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு, நாலாம் நாள் போய் நின்றாள். வாசலிலேயே ஷமீமா கேட்டாள்: "பூப் போட்டு முடிச்சிட்டியா லாத்தா?" அவ்வளவுதான். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்ட கடைசி வாக்கியம் அது.

"அவளுக்குத் தெரியுமா, நீதான் செய்யுதேன்னு?" என்றாள் பீவி மாமி.

"தெரியாது. தெரிஞ்சா குடுக்க மாட்டா. நீங்களும் வாயத் தொறந்துராதீங்க."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றாள் பீவி மாமி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

லிஸ்ட்டு வந்தது. நாலு படம், படத்துக்கு இருபது பேர். மெஹராஜ் முதல் படத்தை மட்டும் திறந்தாள். மற்ற மூன்றையும் அப்படியே மங்கலாக விட்டுவிட்டாள். எண்பது பேரில் தான் இருக்கிறோமா இல்லையா என்பது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் எண்பது பூவை எந்தக் கையால் போடுவது?

ஆகவே முதலில் பூ. லாவண்டரை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மாட்டுங்கா பூக்கடைகளில் கிடைக்கிற கனகாம்பரத்தையும் மரிக்கொழுந்தையும் ஒருதடவை வரைந்து அனுப்பியதற்கு, "ஆன்ட்டி, இந்த ஆரஞ்சு கலர் காஸ் எல்லாம் செம்பூர்ல ஓடாது" என்று திருப்பி அனுப்பியவள் ஃபர்ஸானா. காஸ் என்றால் புல்லாம். அதனால் லாவண்டர் என்றால் ஒரு காம்பு, அதைச் சுற்றி ஊதா ஊதாவாகப் புள்ளி. பீவி மாமி ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னளா இது, நாயுருவி மாதிரி இருக்கு? நிக்காஹ் கார்டுல எவளாவது நாயுருவி போடுவாளா?"

"வெளிநாட்டுப் பூ மாமி."

"நாயுருவிதான். பாஸ்போர்ட் எடுத்துருக்கு."

மழைக்காற்றில் பேப்பர் காய மறுத்தது. பூவுக்கே ஒன்பது நாள் ஆனது. கொடியில் துணிக்குப் பதில் அட்டைகள் கிளிப்பில் தொங்கின. மெஹராஜ் அவற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தாள், அங்கேயே சோறு தின்றாள். சில நேரம் ஒரு அட்டையிடம், "காய மாட்டியா, ஒனக்கு என்ன கேடு" என்று கேட்பது எதிர்வீடு வரை கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் பேச்சு கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் பெயர் குத்தத் தொடங்கினாள். டாக்டர் வாத்வானி அண்ட் ஃபேமிலி. கிஷன்சந்த் அண்ட் ஃபேமிலி. பேங்க் மேனேஜர் ஒருவர் அண்ட் ஃபேமிலி. நூல்கண்டு சப்ளை செய்கிற ஆறுமுகநயினார் அண்ட் ஃபேமிலி. எழுத்துக்கு எழுத்து தனி அச்சு. பெயர் மாறினாலும் அந்தக் கடைசித் துண்டு மாறாது. நாற்பது கார்டு தாண்டியதும் அந்த அச்சுகளை அவள் கை பார்க்காமலேயே எடுத்தது. இரண்டாவது படமும் முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. ஒரு சொந்தக்காரர் பெயரும் வரவில்லை. முதலில் வெளியாட்கள், கடைசியில் சொந்தம் என்று எழுதியிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே தோன்றியிருக்க வேண்டிய ஒன்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு பெயரைத் தேடுகிற கண்ணுக்கு மற்றது படாது.

நாலாவது படத்தில், எழுபத்து மூன்றாவது பெயர். மெஹராஜ் பேகம் அண்ட் ஃபேமிலி. லேபர் கேம்ப்.

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அது நிற்கிறவரை காத்திருந்தாள். கொடியில் தொங்கியதில் ஊதா நன்றாக ஊறி இறங்கியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எம் என்ற அச்சை எடுத்து மையில் தொட்டுக் குத்தினாள். கடைசி எழுத்துவரை ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. தூளைக் கொட்டினாள், உதறினாள். இருந்தது. பெயரையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் கூடுதலாகச் சூடு காட்டியதால் ஓரத்தில் ஒரு துளி கருகியது. இன்னொரு ஆளின் கார்டாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு செய்திருப்பாள்.

அந்தக் கார்டோடு அவளே ஏணி இறங்கி பீவி மாமி வீட்டுக்குப் போனாள். சந்து அதையும் கவனித்தது. மெஹராஜ் ஒரு வீட்டுக்குள் போவது வருஷத்துக்கு இரண்டு பெருநாளில்தான்.

"எனக்கு எங்க இங்கிலீசு தெரியும், என்ன எழுதிருக்கு?" என்றாள் பீவி மாமி.

"என் பேரு மாமி. லிஸ்ட்டுல இருக்கு. எழுவத்து மூணு."

பீவி மாமி கார்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"கார்டா?" என்றாள் கடைசியில். "ஒனக்கா?"

"ஆமா."

"ஏட்டி, எம் மக ஷைஸ்தா நிக்காஹுக்கு ஒனக்கு நான் கார்டா தந்தேன்? ஏணி ஏறி வந்து, ஒக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சி, வாயால சொல்லிட்டுப் போகல? நீ என் கூடப் பொறந்தவளா? பக்கத்து வீட்டுக்காரி. அதுக்கே அப்படி. கார்டு யாருக்குத் தந்தோம்? பேங்க்காரனுக்கு, முனிசிபாலிட்டிக்காரனுக்கு."

மெஹராஜ் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஒன் பெரிய மாமா பேரு அதுல இருக்கா? கரீம் பாட்சா மச்சான் பேரு இருக்கா? ஷமீமா புருஷனோட லாத்தாமாரு பேரு?"

இல்லை. எழுபத்து மூன்றை அவள் கையால்தானே குத்தினாள், மீதி ஏழையும் படத்தில் பார்த்தாயிற்று. ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுக்கெல்லாம் இந்நேரம் ஷமீமாவும் ஜெயினுலாப்தீனும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பார்கள். நேரில் வந்து சொல்லாத கல்யாணத்துக்கு அவர்கள் யாரும் போக மாட்டார்கள். வெறும் கார்டை நீட்டினால் சண்டைக்கே வருவார்கள்.

"லிஸ்ட்டுல இல்லாம இருந்துருக்கலாம் நீ" என்றாள் பீவி மாமி. சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "சாயா போடட்டுமா?" என்றாள். மெஹராஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏணி ஏறினாள்.

மறுநாள் மீதி ஏழு பெயரையும் குத்தி முடித்தாள். கார்டுகளைப் பெட்டியில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, பஸ் பிடித்துச் செம்பூர் போனாள். ஃபர்ஸானா இரண்டு தடவை எண்ணினாள்.

"ஆன்ட்டி, செவன்ட்டி நைன். ஏக் கம்மி."

"எழுவத்து மூணாம் நம்பரை விட்டுட்டேன்மா. அவங்க பேரைப் பாத்தா பொண்ணு வீட்டுக்குச் சொந்தம் மாதிரி இருக்கு. சொந்தக்காரங்களுக்குக் கார்டு கிடையாது, நேர்லதான் வந்து சொல்வாங்க. தப்பா லிஸ்ட்டுல ஏறிடுச்சோ என்னமோ. ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எங்க ஆளுங்கள்ல பழக்கம் அப்படி."

ஃபர்ஸானா கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மெஹராஜ் திரும்பி வரும் வழியில் ரோஸ்மில்க் பாட்டில் ஒன்றும், கண்ணாடி டம்ளர் மூன்றும், ஒரு பாக்கெட் நேந்திரங்காய் வறுவலும் வாங்கினாள். கொடியிலிருந்த கிளிப்பையெல்லாம் கழற்றினாள். கூடத்துப் பாயை மாற்றினாள். சந்துக்கு இது எல்லாமே அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரியும். ஆச்சரியமாக, அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பீவி மாமி சொல்லிவைத்திருப்பாள்.

மூன்று நாள். இரும்பு ஏணி என்பதால் யார் கால் வைத்தாலும் டங்கென்று கேட்கும். தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரர் ஏறினார். கரண்ட் பில்காரர் ஏறினார். ஒவ்வொரு டங்குக்கும் மெஹராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். நாலாம் நாள் காலை வாட்ஸ்அப்பில் ஃபர்ஸானாவின் குரல் பதிவு வந்தது.

"ஆன்ட்டி, கேட்டுட்டேன். பொண்ணோட அம்மாதான் பேசுனாங்க. தப்பு ஒண்ணும் இல்லையாம், பேரு கரெக்ட்டாம். அவங்களுக்குக் கார்டே போதும்னாங்க. நீங்க அந்த பீஸை அனுப்பிருங்க, நான் கூரியர் போட்டுர்றேன்."

மெஹராஜ் அதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். கார்டே போதும். ஃபர்ஸானாவின் குரலில் அது வெறும் தகவலாக இருந்தது. ஷமீமா எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஷமீமாவின் குரல் எதிலும் அந்த வார்த்தை பொருந்தவில்லை.

ஓரம் கருகிய அந்தக் கார்டையே அனுப்பினாள்.

அடுத்த வாரம் கூரியர்காரர் சந்துக்குள் வந்து, "மெஹராஜ் பேகம் கோன்?" என்று கேட்டபோது ஏழு வாசலில் ஏழு தலை. மெஹராஜ் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கவரைப் பிரிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. இருந்தாலும் பிரித்தாள்.

"போகாத" என்றாள் பீவி மாமி, தன் வாசலில் நின்றபடி. "கௌரவம்னு ஒண்ணு இருக்குல்லா."

"கார்டு வந்துருக்கே மாமி. கார்டு வந்தா போகணும்லா."

"போயி?"

"பிள்ளையப் பாத்துட்டு வாரேன்."

கல்யாணத்தன்று சயான் ஸ்டேஷனில் ஏறி, கூட்டத்தில் சேலை கசங்காமல் உல்லாஸ்நகரில் இறங்கினாள். கல்யாண ஹாலில் பெண்கள் பக்கத்து வாசலில் ஷமீமா நின்றிருந்தாள். உடம்பு வைத்திருந்தது. மெஹராஜுக்கு முன்னால் டாக்டர் வாத்வானியின் மனைவி போய்க்கொண்டிருந்தார். "ஆயியே, கானா காகேஹீ ஜானா" என்று ஷமீமா அவருடைய கையைப் பிடித்துச் சொன்னாள். அடுத்து மெஹராஜ்.

வழியெல்லாம் மெஹராஜ் இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தாள். மவுத்துக்கு வராதது தப்புதான் என்று ஒன்று. ஒன்னயப் பாத்து எத்தன வருஷமாச்சு என்று ஒன்று.

"வாங்க" என்றாள் ஷமீமா, டாக்டர் மனைவியிடம் சொன்னதையே தமிழில். "சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஷமீமா அவளை வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டை போட்ட அன்றுகூட ஒருமைதான். மரியாதை இவ்வளவு குளிர்ந்து இருக்கும் என்று மெஹராஜுக்கு இதுவரை தெரியாது. தயார் செய்த வாக்கியம் ஒன்றும் 'வாங்க'வுக்குப் பதிலாக ஒட்டவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். ஷமீமாவின் கை ஒருகணம் எழுந்தது மாதிரி இருந்தது. பின்னால் வந்தவரை வரவேற்கத்தான்.

முன்வரிசை சோபாக்களில் பெரிய மாமி, கரீம் பாட்சா மச்சானின் பெண்மக்கள், மற்ற சொந்தங்கள். இரண்டொருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார்கள். மெஹராஜ் நாற்காலி வரிசையில் டாக்டர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் சஃப்ரீன், தலை குனிந்து, அத்தனை பூவுக்கு நடுவே. மூக்கு மட்டும் பழைய மூக்கு.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று டாக்டர் மனைவி ஹிந்தியில் கேட்டார்.

பெரியம்மா என்பதற்கு ஹிந்தியில் வார்த்தை அவளுக்குத் தெரியும். நாக்குவரை வந்தது.

"கார்டு நான்தான் செஞ்சேன்" என்றாள்.

டாக்டர் மனைவிக்கு மெத்தச் சந்தோஷம். கைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்து, புடைத்து நின்ற தன் குடும்பப் பெயரைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு கார்டு செய்தவர் இவர்தான் என்றார். அவர்களும் பைக்குள் கைவிட்டார்கள். எப்படி எழுத்து எழும்புகிறது, லாவண்டருக்கு எத்தனை கலர் என்று கேட்டார்கள். மெஹராஜ் பவுடர் தட்டுவதிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னாள். நாலு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. நடுவில் ஒருதடவை மேடைப் பக்கம் பார்த்தாள். போட்டோக்காரர் மறைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாக் கல்யாணத்திலும் வெளியாட்களுக்குத்தான் முதல் பந்தி. அவர்களை உபசரித்து அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்தி, சிரிப்பும் சண்டையுமாக வீட்டு ஆட்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். மெஹராஜை டாக்டர் மனைவிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, யாரோ ஒரு பெண் மறுபடி பிரியாணி வைத்து, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். குறையொன்றும் இல்லை.

மூன்றே முக்கால் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் பந்திக்கு இந்நேரம்தான் தட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள்.